நொடிக்கு மூன்றேகால் அடி

என் மேசைமீது இருக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் நீளம் 121 மில்லிமீட்டர். அசல் வண்டியின் நீளமான 3,886 மில்லிமீட்டரை 32ஆல் வகுத்தால் கிடைக்கும் அளவு இது. மேல்கூட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், கூரையின் உள்பக்கத்தில் பச்சை மசியில் அச்சான சில எழுத்துகள் பாதி அழிந்து தலைகீழாகத் தெரியும். பால் பவுடர் டப்பாவின் தகரத்தை வெட்டி, மர அச்சின்மேல் தட்டி வளைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து என் தாத்தா செய்த கார் அது. பின்சக்கரங்கள் இறுகிப்போய்ப் பல வருடங்களாக அலமாரியில் கிடந்ததைச் சென்ற மாதம்தான் எடுத்துப் பிரித்தேன். பிரித்த பிறகு அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

இத்தகைய கார்களை ஸ்லாட் கார் என்பார்கள். பாதையின் நீளத்துக்கும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் ஓடும்; பள்ளத்தின் இரு ஓரங்களிலும் உலோகப் பட்டைகள் பதிந்திருக்கும். காரின் மூக்குக்கு அடியில் நாக்கு போல ஒரு துண்டு பள்ளத்துக்குள் இறங்கி வழிகாட்ட, அதன் இருபுறமும் உள்ள செம்புப் பின்னல்கள் பட்டைகளை உரசி 12 வோல்ட் மின்சாரத்தை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கும். ஓட்டுபவரின் கையில் இருப்பது ஒரே ஒரு விசை. அழுத்தினால் வேகம் கூடும், விட்டால் குறையும். ஸ்டீயரிங்கே இல்லாத வண்டியை ஓட்டுவதில் என்ன கஷ்டம் என்று கேட்டவர்கள் எல்லாரும் முதல் வளைவிலேயே காரைத் தரையில் தேடியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இதற்குக் 'காடி வண்டி' என்று பெயர். முதல் பாதையைச் செய்ய வந்த தச்சர் பலகையில் பள்ளம் எடுப்பதைத் தம் தொழில் வழக்கப்படி 'காடி எடுப்பது' என்று சொல்லியிருக்கிறார். தாத்தாவின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் உருது பேசுபவர். அவர் மொழியில் காடி என்றாலே வண்டி. "காடிக்குக் காடி எடுக்கறீங்களா?" என்று அவர் கேட்டதில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வேலூரில் வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்க வேண்டியது எதுவும் இருக்காது.

தாத்தாவுக்கு லாங்கு பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை இருந்தது. கடை என்றாலும் ஒரு மேசை, அதன்மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, சுவரில் ஏழெட்டுக் கடிகாரங்கள், அவ்வளவுதான். கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்நாளில் வெளிநாட்டு மருத்துவர்கள் பலர் குடும்பத்தோடு தங்கி வேலை பார்த்தார்கள். அவர்களுடைய கைக்கடிகாரங்கள் தாத்தாவிடம் வரும். 1960களின் நடுவில் அப்படியொரு குடும்பத்துப் பையன் கடிகாரத்துக்குப் பதிலாக ஒரு தகரக் காரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். சிவப்பு நிற மசராட்டி 250எஃப் பந்தயக் காரின் பொம்மை, ஓடவில்லை என்றான்.

அந்தக் கார் கடிகாரக்காரரிடம் வந்து சேர்ந்தது முறைதான் என்று பின்னாளில் படித்தபோது தோன்றியது. இங்கிலாந்தில் மினிமாடல்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய ஃபிரெட் ஃபிரான்சிஸ், 1952இல் ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் சாவி தேவைப்படாத விசைக் கார்களை விற்றார். காரைத் தரையில் அழுத்திப் பின்னோக்கி இழுத்தால், அடியில் மறைந்திருக்கும் ஐந்தாவது சக்கரம் உள்ளேயிருக்கும் சுருள்வில்லை முறுக்கிவிடும். அதாவது, அது நான்கு சக்கரம் வைத்த டைம்பீஸ். அந்த மோகம் தணியத் தொடங்கியதும் அதே தகரக் கூட்டுக்குள் மின்மோட்டாரை வைத்து, ரப்பர் பாதையில் பள்ளம் போட்டு 1957இல் அவர் வெளியிட்டதுதான் ஸ்கேலெக்ஸ்ட்ரிக். இரண்டு பேர் தனித்தனி விசையோடு பந்தயம் விடலாம் என்பதால் அது வீடுகளுக்குள் புகுந்தது. மறு ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய பொம்மை நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. 1960 முதல் தகரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது.

பையனின் காரில் பள்ளத்துக்குள் உருண்டு மின்சாரம் வாங்கும் சிறு சக்கரம் தேய்ந்திருந்தது. தாத்தா பித்தளையைக் கடைந்து புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் குடும்பம் ஊர் திரும்பியபோது, நான்கு வளைவுத் துண்டுகள், ஆறு நேர்த்துண்டுகள், இரண்டு கார்கள், வீச்சமடிக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து அவரிடமே கொடுத்துவிட்டுப் போனது. ரப்பர் பாதை வேலூர் வெயிலில் இரண்டே கோடையில் விறைத்து வெடித்தது. அதன் பிறகுதான் தச்சர் வந்தார்.

பந்தயக் கார்களில் தாத்தாவுக்கு ஆர்வம் இல்லை. தாம் தெருவில் பார்த்த வண்டிகளைத்தான் செய்தார். சென்னைக்கு அருகே வண்டலூரில் 1961 முதல் உருவான ஹெரால்டு அவருக்கு மிகவும் பிடித்த வண்டி. வேலூர் மருத்துவர்கள் சிலரிடம் அது இருந்தது. ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த அந்த வடிவத்தில், முன்மூடியும் இரண்டு பக்கத்து மட்கார்டுகளும் ஒரே துண்டாகச் சேர்ந்து மூக்குப் பக்கமாக எழும்பிச் சாயும். மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே இஞ்சினைப் பார்க்கலாம். அந்த முன்மூடி பொம்மையிலும் திறக்க வேண்டும், திறந்தால் இஞ்சின் தெரிய வேண்டும் என்று தாத்தா முடிவு செய்தார். ஆனால் ஸ்லாட் காரில் இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில்தான் வழிகாட்டி நாக்கின் அச்சு செங்குத்தாக மேலே வரும். அதை வேறெங்கும் நகர்த்த முடியாது. நகர்த்தினால் கார் வளைவில் மூக்கை வெளியே நீட்டும். எனவே பித்தளையில் நான்கு சிலிண்டர் இஞ்சினை அரத்தால் ராவி, நடுவில் துளையிட்டு அச்சுக்கு வழிவிட்டு, அச்சின் தலையில் இருக்கும் திருகாணியைக் காற்று வடிகட்டியின் உருவத்துக்குள் ஒளித்துவைத்தார். வடிகட்டியைத் திருகினால் காரின் வழிகாட்டி கையோடு கழன்று வரும். தெரியாதவர்கள் பார்த்தால் இஞ்சின்தான்.

மற்றவற்றுக்கு அவருடைய மேசையிலேயே பொருள் இருந்தது. ஸ்டீயரிங், ஒரு பழைய சங்கிலிக் கடிகாரத்தின் பேலன்ஸ் சக்கரம். முன்விளக்குக் கிண்ணங்கள், கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் குமிழ்கள். ஓரத்து வரிப்பள்ளங்களை ராவி எடுத்தால் உள்ளே குழிவாக, சரியாக ஐந்தரை மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும். சன்னல் ஓரத்து வெள்ளிப் பட்டைக்கு ஆயாவின் ஆரணிப் பட்டுப்புடவையிலிருந்து பிரித்த ஜரிகை இழை. புடவை கிழிந்த பிறகுதான் பிரித்தார் என்று தாத்தாவும், பிரித்த பிறகுதான் கிழிந்தது என்று ஆயாவும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருக்கைகளுக்கு, ஆம்பூரில் செருப்புத் தொழிற்சாலையில் இருந்த உறவினர் கொண்டுவந்து தரும் ஆட்டுத்தோல் சீவல். தோலின் ஓரத்தை மடிப்பதற்காக இயந்திரத்தில் இழைக்கும்போது விழும் அந்தச் சீவல் காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிப்பாக இருக்கும். ஊசியால் வரி இழுத்தால் தையல் போலவே தெரியும்.

முன்கண்ணாடிக்குத்தான் வேலூரைத் தவிர வேறு எந்த ஊரும் பொருள் கொடுத்திருக்காது என்று நினைக்கிறேன். மருத்துவமனை ஊரில் எல்லார் வீட்டுப் பரணிலும் எக்ஸ்ரே படங்கள் கிடக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் நெஞ்சுக்கூடும் முழங்காலும் கறுப்புக் கூழாகக் கரைந்து போய்விட, கீழே தெளிவான படலம் மிஞ்சும். அந்தப் படலத்தில் இலேசாக ஒரு நீலச்சாயல் உண்டு. வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடியில் வானம் படிந்தாற்போல அது இருப்பதைப் பார்த்து, வேண்டுமென்றே நிறம் சேர்த்தீர்களா என்று கேட்காதவர்கள் இல்லை.

இவ்வளவு நுணுக்கத்தையும் மிஞ்சிய ஒரு பிடிவாதம் தாத்தாவிடம் இருந்தது. நீளத்தை 32ஆல் வகுத்தோம், அகலத்தை வகுத்தோம், சக்கரத்தை வகுத்தோம், வேகத்தை மட்டும் ஏன் வகுக்காமல் விட வேண்டும் என்பது அவருடைய கேள்வி. ஹெரால்டின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 மைல். 32ஆல் வகுத்தால் நொடிக்கு மூன்றேகால் அடி வரும்; இன்றைய கணக்கில் ஒரு மீட்டர். எங்கள் பாதையின் சுற்றளவு 36 அடி. ஆகவே விசையை முழுதாக அழுத்திய ஹெரால்டு ஒரு சுற்றை 11 நொடியில் முடிக்க வேண்டும், அதற்கு முன்னால் வந்தால் அது பொய் என்பது தாத்தாவின் கட்சி.

ஸ்லாட் கார் மோட்டார்களின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. இன்று பரவலாகக் கிடைக்கும் மோட்டார் ஒன்று 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுற்றும். வழக்கமான மூன்றுக்கு ஒன்று பல்சக்கரத்தைப் போட்டால், 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹெரால்டு சக்கரம், சுமையில்லாத நிலையில், நொடிக்கு ஐந்தரை மீட்டருக்குமேல் ஓட்டும். 32ஆல் பெருக்கினால் மணிக்கு 640 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தை ஒரு மீட்டருக்குக் குறைக்கப் பதினேழுக்கு ஒன்று என்ற விகிதம் வேண்டும். அன்றைய மோட்டார் இவ்வளவு வேகமில்லை என்றாலும் சிக்கல் அதுவேதான். ஒரே சோடிச் சக்கரத்தில் இது நடக்காது என்பதால், உடைந்த டைம்பீஸ்களின் பித்தளைச் சக்கரங்களை எடுத்து இரண்டு அடுக்காகக் கோத்து, பின்இருக்கைக்குக் கீழே அடங்கும் ஒரு பெட்டியைச் செய்தார்.

முதலில் அது ஓடவில்லை, உறுமியது. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின என்று சொல்வார். கடிகாரத்தில் பெரிய சக்கரம், பினியன் எனப்படும் சிறிய பல்சக்கரத்தைத் தள்ளும். சுருள்வில்லின் மெதுவான சுழற்சி படிப்படியாக வேகமாகிக் கடைசி முள்வரை போகும். காரிலோ வேகமாகச் சுழலும் சிறிய பினியன் பெரிய சக்கரத்தைத் தள்ள வேண்டும். பல்லின் வளைவு ஒரு திசைத் தள்ளலுக்கென்றே வகுக்கப்பட்டிருப்பதால், திருப்பித் தள்ளும்போது ஒரு பல்லின் நுனி மற்றதன் வயிற்றில் குத்தி உராயும். தாத்தா ஒவ்வொரு பல்லையும் எண்ணெய்க் கல்லில் மழித்து நுனியைத் திருத்தினார். பெரிய சக்கரத்தில் 60 பல், அடுத்ததில் 54. சென்ற மாதம் பெட்டியைத் திறந்து கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தபோது, பற்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சற்றே சாய்த்துத் தேய்க்கப்பட்டிருந்தன. கீறல்கள் அத்தனையும் ஒரே திசையில் இருந்தன.

அப்பாவுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அவர் கடிகாரத் தொழிலுக்குப் போகாமல், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்தவர். கிணற்றில் எரிந்துபோன மோட்டாரை இரவோடு இரவாகக் கட்டிக் கொடுத்து, விடியற்காலையில் தண்ணீர் மேலே வருவதைப் பார்த்துப் பழகிய கை அது. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்குக் காட்பாடியில் ரயிலேறிப் போய்வருவார். தெருவில் பார்த்த அதே ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே அடியோடு மாறி, பின்பக்கத்தை வீசிக்கொண்டு வளைவில் திரும்புவதைப் பார்த்தவருக்கு, 11 நொடிச் சுற்று எப்படி இனிக்கும்? வட ஆற்காட்டில் பல வீடுகளைப் போல அவரும் தம் தந்தையை நைனா என்றுதான் அழைத்தார்.

"நைனா, மெதுவா போறதுக்கு மாட்டு வண்டியே செஞ்சிருக்கலாமே."

"இன்னாடா பேசற? வாணம் வுட்ட மாதிரி போனா அது காராடா? எந்த ரோட்ல ஹெரால்டு அப்டி போவுது, காட்டு பாக்கலாம்."

அப்பா செய்த ஃபியட்டில் தகரம் இல்லை. மர அச்சின்மேல் ஃபைபர் துணியும் பிசினும் ஒட்டி உரித்தெடுத்த கூடு. முதலில் அவர் கையில் கிடைத்தது டேப் ரிக்கார்டர் மோட்டார். அதன் உள்ளே வேகத்தைக் கட்டிப்போடும் அமைப்பு இருப்பதால் நிமிடத்துக்கு 2,400 சுற்றைத் தாண்டாது. நைனாவுக்கு வேண்டுமானால் இது சரிப்படும் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய ஸ்கேலெக்ஸ்ட்ரிக் மோட்டார் ஒன்றின் உள்ளே சுழலும் கம்பிச்சுருளான ஆர்மெச்சரை அவிழ்த்து, சுற்றுகளைக் குறைத்துத் தடித்த கம்பியால் மறுபடியும் கட்டினார். சுற்றுக் குறைந்தால் வேகம் கூடும், மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். முதல் மோட்டார் எட்டாவது சுற்றில் புகைந்தது. வார்னிஷ் கருகும் வாசனை வீடு முழுக்கப் பரவியபோது, எதிரே உட்கார்ந்திருந்த தாத்தா ஒன்றும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். அப்பா அதை இன்றுவரை மறக்கவில்லை.

டயர் அப்பாவின் கண்டுபிடிப்பு. அந்நாளில் குளுக்கோஸ் நீர் கண்ணாடிப் பாட்டிலில் வரும். அதை மூடியிருக்கும் ரப்பர் அடைப்பானின் நடுவில் துளைபோட்டு, சக்கரத்தில் ஒட்டி, மோட்டாரை ஓடவிட்டு உப்புத்தாளில் உரசவைத்தால் வட்டமான, பிடிமானமுள்ள டயர் கிடைக்கும். உப்புத்தாளைப் பிடிக்கும் வேலை எனக்கு. எட்டு வயதில் என் விரல்நுனிகளில் எப்போதும் கறுப்பு ரப்பர்த் தூள் இருக்கும். பள்ளியில் மை என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

தாத்தாவின் ஹெரால்டு 158 கிராம். அப்பாவின் ஃபியட் 92 கிராம். இந்த 66 கிராம் வித்தியாசத்தில்தான் எங்கள் வீட்டின் சண்டை முழுவதும் இருந்தது. கூரையில் வைக்கும் ஒரு கிராம், தரையோரம் வைக்கும் ஐந்து கிராமைவிடக் கெடுதல் என்பது அப்பாவின் வாதம். எடை உயரத்தில் இருந்தால் வளைவில் உள்சக்கரம் தூக்கிக்கொள்ளும். எனவே அவர் ஓட்டுநர் பொம்மையின் தலையைக் குடைந்து உள்ளீடற்றதாக்கினார். இருக்கையைக் காகிதத்தில் செய்தார். கதவுக் கைப்பிடியைச் சாயத்தால் வரைந்துவிட்டார். வரைந்த கைப்பிடியைத் தாத்தா நகத்தால் சுரண்டிக் காட்டுவார். இருவரும் ஒரே மேசையில், ஒரே இடுக்கியை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு, ஒருவர் செய்வதை மற்றவர் கேலி செய்தபடி 20 வருடம் வேலை செய்தார்கள்.

பிற்காலத்தில் வந்த கார்களில் அடியில் காந்தம் வைத்துப் பாதையோடு இழுத்துப் பிடிக்கும் வசதி வந்தது. அதைப் பற்றி மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். "காந்தமே புடிச்சிக்கிச்சுனா ஓட்றவனுக்கு இன்னா வேலை?" என்று அப்பா கேட்டார். தாத்தா அதைப் பார்க்கும் முன்பே, 1994இல் காலமாகிவிட்டார்.

பாதையின் மீதான சோடனை என் பங்கு. காட்பாடிக்குப் போகும் பாலாற்றுப் பாலத்தைப் போல ஒரு பாலம் கட்டி, கீழே ஆற்றிலிருந்தே அள்ளிவந்த மணலைப் பசையில் தூவினேன். ஊரின் சொந்த மணல் என்ற பெருமிதம் இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் பருமணல் 32 மடங்கு பெருகினால் மூன்று சென்டிமீட்டர் சல்லி. என் பாலாறு ஜல்லிக் கிடங்கு போல் இருந்தது. போதாததற்கு உதிர்ந்த மணல் காடிக்குள் விழுந்து, பின்னல்களையும் பல்சக்கரங்களையும் அரைத்துவிட்டது. அப்பா பேசாமல் பல் துலக்கும் பிரஷ்ஷை என் கையில் கொடுத்து 36 அடியையும் துடைக்கச் சொன்னார். எதை அப்படியே கொண்டுவந்து வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதை அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன். பித்தளையை வெட்டலாம், தோலைச் சீவலாம். மணலைச் சிறிதாக்க முடியாது. சல்லடையில் சலித்துக் கல் மாவைத்தான் போட வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நேரில் பார்த்துவந்த என் தங்கை மகன், கல் மாவின்மேல் பிசினை ஊற்றி ஆற்றுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறான்.

வண்டி ஓட்டியதில் எங்கள் நல்ல காலம் என்று நான் சொல்வது 2012. தமிழகம் முழுக்க மின்வெட்டு. எங்கள் பகுதியில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்குமேல் மின்சாரம் நின்றுபோகும். அப்பாவின் கடை சும்மா கிடந்தது. மாலையில் அவர் கடையிலிருந்து கார் பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து பாதையோடு இணைத்தார். பேட்டரியின் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரைவிடச் சுத்தமானது. இரண்டு கார்கள் ஒன்றாக இழுத்தாலும் சோராது. கார்கள் அதுவரை ஓடாத வேகத்தில் ஓடின. மெழுகுவத்தி வெளிச்சத்தில், விசிறியில்லாத அறையில், தெருப் பிள்ளைகள் பத்துப் பேரோடு வியர்வை சொட்டச் சொட்ட ஓட்டினோம். காரின் விளக்கு மட்டும் இருட்டில் பாலத்தைக் கடக்கும்.

நான் இயற்பியல் ஆசிரியை. மேல்நிலை வகுப்புக்கு வட்ட இயக்கத்தை எத்தனையோ வருடமாக நடத்திக்கொண்டிருந்தும், வீட்டுச் சண்டைக்கு அதைப் பயன்படுத்திப் பார்க்கத் தோன்றியது அந்த மின்வெட்டுக் காலத்தில்தான். 32 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அசல் கார் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் பிடிமானம் காரின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு தாங்கும் என்றால், நொடிக்கு 15.8 மீட்டர், அதாவது மணிக்கு 57 கிலோமீட்டர்வரை அது சறுக்காமல் திரும்பும். எங்கள் பாதையில் அதே வளைவின் ஆரம் ஒரு மீட்டர். அதே பிடிமானம் என்றால் பொம்மைக் காரின் எல்லை நொடிக்கு 2.8 மீட்டர். தாத்தாவின் கணக்குப்படி 15.8ஐ 32ஆல் வகுத்தால் அரை மீட்டர்தான் வரும். அரை மீட்டர் வேகத்தில் அந்த வளைவில் போகும் காரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் நாற்பதில் ஒரு பங்குதான். கார் திரும்புவது அதற்கே தெரியாது. டயர் கீச்சிடாது, உடல் சாயாது, பின்பக்கம் வீசாது.

புவியீர்ப்பை யாரும் 32ஆல் வகுப்பதில்லை என்பதுதான் இதற்குக் காரணம். நீளம் 32 மடங்கு குறையும்போது, வளைவில் கார் அசலைப் போலவே நடந்துகொள்ள வேண்டுமானால் வேகம் 32இன் வர்க்கமூலமான 5.66 மடங்குதான் குறைய வேண்டும். சோழவரத்து வளைவில் அப்பா பார்த்தது அவருடைய 92 கிராம் ஃபியட்டில் நடப்பது அந்த வேகத்தில்தான். சாலையோரம் நின்று பார்க்கும் கண்ணுக்கு வண்டி போகும் வேகம் சரியாகத் தெரிவதோ தாத்தாவின் மூன்றேகால் அடியில். இரண்டையும் ஒரே காரில் வைக்க வழி கிடையாது.

இதைக் காகிதத்தில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். "வர்க்கமூலம் நானா சொன்னேன்? வண்டி சொல்லுச்சு, நான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, கடைக்கு வாங்க வேண்டிய கம்பியின் கணக்கை எழுதத் தொடங்கினார்.

தங்கை மகனுக்கு இப்போது பதினேழு வயது. அவன் முப்பரிமாண அச்சில் பிரீமியர் பத்மினி செய்கிறான். முதல் கூட்டுக்குச் சாயமடித்து, சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தகரத்தின்மேல் காயவைத்தான். மாலையில் போய்ப் பார்த்தபோது கூரை நடுவில் தொட்டில் போல் தொங்கியிருந்தது. அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு அருகிலேயே இளகிவிடும் என்று அவன் படித்திருக்கவில்லை. வேலூரில் வெயில் பட்ட தகரம் எவ்வளவு சுடும் என்பதைப் படிக்கத் தேவையில்லை. அவனுடைய கைபேசியில் காட்சியை எட்டு மடங்கு மெதுவாக்கும் வசதி இருக்கிறது. அதில் அப்பாவின் ஃபியட் வளைவில் திரும்புவதை எடுத்துக் காட்டினான். கூடு வெளிப்பக்கம் சாய்கிறது, பின்சக்கரம் நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஓர் அசல் வண்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பது போலவே இருந்தது. நான்கு மடங்குக்கும் எட்டு மடங்குக்கும் நடுவில் ஒன்று இருந்தால் இன்னும் சரியாக இருக்கும் பெரியம்மா என்றான். 5.66 என்றேன்.

ஹெரால்டின் பெட்டியில் காய்ந்து பிசினாகியிருந்த பழைய எண்ணெயை மண்ணெண்ணெயில் கழுவி, துளைகளைத் தீக்குச்சி முனையால் சுத்தம் செய்து, கடிகார எண்ணெய் ஒரு சொட்டை ஊசியால் தொட்டுத் தொட்டு வைத்தேன். பின்னலை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை பாதையில் வைத்தபோது விசையை அப்பாதான் எடுத்துக்கொண்டார். அவருக்கு இப்போது எழுபத்து நான்கு. முழுதாக அழுத்தினார். முன்விளக்குகள் எரிய, வெளிர்நீல ஹெரால்டு பாலத்தின்மேல் ஏறி, நீர் நிறைந்த பாலாற்றைக் கடந்து, எந்த அவசரமும் இல்லாமல் திரும்பி வந்தது. தங்கை மகன் கைபேசியைப் பார்த்து 11.3 என்றான்.

அப்பா விசையை விடவில்லை. தலையைச் சாய்த்து, காதைப் பாதையோரமாகக் கொண்டுபோனார். இரண்டாவது சுற்றிலும் மூன்றாவது சுற்றிலும் அப்படியே இருந்தார்.

"சத்தம் வருது பாரு. சக்கரம் ஒரு ரவுண்டு வரதுக்கு ஒருவாட்டி டிக்குனு கேக்குது. 54 பல்லுல ஒண்ணு பிசிறா கீது," என்றார். "பொட்டியக் கழட்டு. கல்லு எங்க வெச்சிருக்கே?"